குளவி என்று எழுதினேன்

போன வாரம் நிஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு ஆய்வாளராக வந்த பெண். உத்தமபாளையத்துக்காரி. நல்ல சுறுசுறுப்பு, ஆனால் எதையும் நேராகக் கேட்கத் தெரியாது. காற்று, வெயில், என் முழங்கால் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், ஊசி போட்ட குட்டிய அரை மணி நேரம் பெஞ்சுல வச்சிருந்துதான் தூக்கிட்டுப் போகணும்னு சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கீகள்ல? இப்ப வெள்ளையடிக்கப் போறாக. யாருமே உக்கார மாட்டேங்குறாக மேடம். வண்டிய ஆஃப் பண்ணாமலே நிக்கிறாக. ஊசி போட்டத போன்ல பதிஞ்சாச்சான்னு கேட்டுக்கிட்டு அப்படியே போயிர்றாக. அந்தத் தாள எடுத்துரட்டுமா?"

"எடு. வெள்ளையடிச்சு முடிச்சதும் திரும்ப ஒட்டு."

"எடுக்கும்போது கிழிஞ்சிருச்சுன்னா?"

"கிழிஞ்சா புதுசா எழுது. உனக்குக் கை இருக்குல்ல?"

சட்டென்று போனை வைத்துவிட்டாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பணியில் இருந்தபோதே எல்லோரும் சொன்னதுதான். பிறகு மனசு உறுத்தியது. காரணம் சொல்லாமல் தாளை மட்டும் ஒட்டச் சொன்னால் அவள் என்ன செய்வாள், பாவம். அந்தத் தாளை நான் எழுதக் காரணமான நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். என் தப்பும் அதில் இருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் ஒரு விண்ணப்பத் தாளை வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தார். ஆசிரியை ஆவேன் என்று எதிர்பார்த்த வீட்டில் நான் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாட்டை நிறுத்தவும், கோழிக்கு இறக்கையில் ஊசி போடவும், பதிவேடு எழுதவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிராணியைப் பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை டாக்டர் பரமசிவத்திடம்தான் கற்றுக்கொண்டேன். அதையும் பாதிதான் கற்றிருந்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

டாக்டர் போடிப் பக்கத்துக்காரர். மனிதர்களிடம் அளந்துதான் பேசுவார். பிராணிகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். மேஜையில் ஏற்றிய நாயைப் பார்த்து, "வாங்க, என்ன செய்யுது?" என்பார். கொண்டு வந்தவரிடம், "இவுக நேத்து ஒழுங்காச் சாப்பிட்டாகளா?" என்று கேட்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு சினை எருமை செத்துப்போனதும் அதன் நெற்றியில் கை வைத்து, "மன்னிச்சுக்கங்க, நேரமாயிருச்சு" என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு சிரிப்பு வந்ததில்லை.

நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி என்றால் அவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் தட்டில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் இரண்டு அட்ரினலின் குப்பி, குப்பியை அறுக்கும் சின்ன பிளேடு, புது சிரிஞ்ச். ஒவ்வாமை வந்து உயிருக்கு ஆபத்தானால் போட வேண்டிய மருந்து அது. அந்தத் தட்டு மேஜையில் இருந்தால்தான் தடுப்பூசி டப்பாவைத் திறக்கவே விடுவார். "எதுக்கு சார் ரெண்டு?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு உங்க கை நடுங்குறதுக்கு" என்றார்.

பிறகு காய்ச்சல் பார்ப்பார். மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டை விரலால் அழுத்துவார். அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் ரோஸ் நிறம் ஓடி வர வேண்டும். தடுப்பூசி பெரும்பாலும் மருந்துக் கடையில் வாங்கி ஐஸ் போட்ட டப்பாவில்தான் வரும். ஐஸ் உருகியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பொடியில் நீரைச் சேர்த்தபின் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். ஊசியை எந்தத் தோளில் போட்டோம் என்று அட்டையில் எழுத வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் பெஞ்ச். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து ஈறு, முகம், மூச்சு மூன்றையும் பார்ப்பார். ஒரு குட்டியும் அவரிடம் ஏமாற்றிக்கொண்டு போனதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வதும் எப்போதும் ஒன்றுதான். ஒருநாள் சோர்ந்து படுக்கும், உடம்பு லேசாகக் காயும், ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி வரும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். முகம் வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தள்ளாடினாலோ ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அடுத்த முறை ஊசிக்கு வரும்போது, முந்தின ஊசிக்கு என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவரோடு வேலை பார்த்த ஆரம்பத்தில் கடமலைக்குண்டு தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்குப் போனோம். காலை பத்து மணி இருக்கும். நாய் முகாம் என்றால் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். குரைப்பும் கடியும் கயிற்றுச் சிக்கலுமாக ரகளைதான். அன்று முப்பது நாற்பது நாய்கள் வந்திருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஊசி குத்தும்போது ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க ஊரு நாய்க எம்புட்டு மரியாதைன்னு பாத்தீகளா?" என்று ஒரு பெரியவர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் திடீரென்று சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. இவுக யாரும் நம்மளப் பாக்கலை."

அப்போதுதான் கவனித்தேன். எல்லா நாய்களும் மேற்கே, புளியந்தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றின் காதுகூட ஆடவில்லை. ஆடு மேய்க்கப் போனவர்களை உடனே ஊருக்குள் கூப்பிடச் சொன்னார் டாக்டர். தோப்புக்குப் பின்னால் ஓடையில் ஒரு ஆட்டை இழுத்துப் போட்டிருந்தது. மணலில் சிறுத்தையின் கால்தடம், ஈரம்கூடக் காயவில்லை.

திரும்பி வரும் ஜீப்பில் டாக்டர் சொன்னார்: "எத்தனை பேருக்குப் போட்டோம்னு நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீக. அவுக என்ன பாத்தாகன்னு பாக்கலை." எனக்கு ரோஷம் வந்தது. இனிமேல் பார்ப்பேன் என்று மனசுக்குள் சபதம் செய்துகொண்டேன். பல வருஷம் பார்க்கவும் செய்தேன்.

முத்தழகு வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. டாக்டருக்கு ஓய்வு நெருங்கியிருந்தது. எனக்கும் தலை நரைத்திருந்தது. அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவலிருந்து, கொடிக்கு வேலையும் பார்த்து வந்தாள். தோட்டத்துக்குள்ளேயே தகரக் கூரை போட்ட வீடு. கணவர் கேரளத்தில் ஏலத் தோட்ட வேலை, மாதம் ஒருமுறை வருவார். துண்டில் சுற்றிய ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்தாள். கருஞ்செவலை நிறம், வால் நுனி வெள்ளை.

"அஞ்சு குட்டி போட்டுச்சு டாக்டரம்மா. நாலும் ரத்தமா கழிஞ்சு செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இதுக்கும் அந்த நோவு வந்திருமா?"

"ஊசி போட்டுட்டா வராதும்மா. நான் டாக்டரம்மா இல்ல, ஆய்வாளர். டாக்டர் உள்ள இருக்காக" என்றேன். இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன், யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஊசி போட வந்தவர்கள் வழக்கமாகக் கேட்பது எனக்கு மனப்பாடம். பால் கொடுக்கலாமா, குளிப்பாட்டலாமா, கறிச்சோறு வைக்கலாமா. முத்தழகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊசி போட்டா மூஞ்சி வீங்குமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்பவாச்சும் ஒருத்தருக்கு வீங்கும். அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்காரச் சொல்றது" என்றார்.

அவள் அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குட்டியை மடியில் வைத்து, அதன் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, அதன் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி கத்தியது, அவள் திரும்பவில்லை. ஒருவர் கால் தடுக்கி அவள்மேல் மோதினார், அதற்கும் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறாளோ என்று பார்த்தேன். எதையோ வரிசையாக ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"அந்தம்மா நம்மள விட நல்லாப் பாக்குறாக" என்றார் டாக்டர் மெதுவாக. "எங்கயோ பாத்துட்டு வந்திருக்காக." அன்று குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரம் முடிந்ததும் அனுப்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்து நின்றாள். டாக்டர் அன்று விடுப்பு.

"நேத்து இங்கருந்து போயி சோறு வைக்கிற நேரத்துல இதுக்கு மூஞ்சி லேசா வீங்குச்சும்மா. இந்தக் கண்ணு ஓரம், உதடு. சாயங்காலம் தானா வத்திருச்சு."

"நேத்தே தூக்கிட்டு வரச் சொன்னாகள்ல?"

"பஸ் ஏற ரோட்டுக்கு வந்தேன். அதுக்குள்ள வத்த ஆரம்பிச்சிருச்சு."

குட்டியைத் தூக்கிப் பார்த்தேன். முகம் சரியாக இருந்தது. ஈறு நல்ல நிறம். என் விரலைக் கடித்து விளையாடியது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாய்கள் முகம் வீங்கி வந்திருந்தன, மூன்றும் குளவிக் கடி. எங்கள் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கனிந்த குலையில் குளவி மொய்க்கும், நாய் அதைக் கவ்வப் போய் உதட்டில் வாங்கிக்கொள்ளும். பன்ரொட்டி மாதிரி உப்பிய முகத்தோடு எத்தனையோ நாய்கள் எங்கள் மேஜையில் ஏறி இறங்கியிருக்கின்றன. திராட்சைக் காட்டில் வீங்கிய நாய் முகம் என்றால் யோசிக்கவே தேவையில்லை.

"குளவி கொட்டியிருக்கும்" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எங்க தோட்டம் கவாத்து முடிஞ்சு மொட்டையா நிக்கிதும்மா. பழமே இல்ல."

"பக்கத்துத் தோட்டத்துல இருக்கும்ல?"

"அங்கன இருக்கு."

"அப்ப அங்கன போயிருக்கும். குட்டி ஒரு எடத்துல நிக்குமா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தளர்ந்தது. முதல் தடவையாகச் சிரித்தாள். "ஆமாம்மா, போயிருக்கும். குளவிதான்" என்றாள். நான் அட்டையில் 'குளவிக் கடி' என்று எழுதி, இரண்டாவது ஊசிக்கு மூன்று வாரம் கழித்து ஒரு தேதியும் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது ஊசியைத் தவறவிட்டால் முதல் ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை, நாலு குட்டி போன வழியில் இதுவும் போய்விடும் என்று கண்டிப்பாக வேறு சொன்னேன்.

அவள் இரண்டாவது ஊசிக்கு வந்த நாள் நல்ல காற்றுக்காலம். எங்கள் பள்ளத்தாக்கில் மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்று அப்படித்தான், ஆரம்பித்தால் வாரக்கணக்கில் விடாது. ஜன்னலைச் சாத்தினால் இடுக்கு வழியாக ஊளையிடும். அன்று மருந்தகத்துக்கு வேறு யாரும் வரவில்லை. டாக்டர் தேனிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். உதவியாளர் தபால் கொடுக்கப் போயிருந்தார். நானும் அவளும் குட்டியும் மட்டும்தான்.

நான் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் இல்லாத நாளில் குட்டிகளுக்கு ஊசி போடுவதானால் அவரைக் கேட்டுத்தான் போடுவேன்.

"முந்தின ஊசிக்கு இவுகளுக்கு ஏதும் ஆச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். மறுநா குளவி கொட்டுச்சுன்னு வந்தாக. அவ்ளோதான்."

"குளவியா? எந்தத் தோட்..."

அதோடு போன் துண்டித்துப் போய்விட்டது. திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை. காற்றுக்காலத்தில் அது சகஜம். அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதி உருகியிருந்தது. திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி கம்பம் போய் வாங்கி வர வேண்டும். தட்டை வைத்தேன், காய்ச்சல் பார்த்தேன், ஈறைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஊசியைப் போட்டுவிட்டேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். வெளியே கேட் தானாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"காத சொறியும்" என்றாள்.

யாரிடம் பேசுகிறாள் என்று நிமிர்ந்தேன். குட்டி அவள் மடியில் சும்மாதான் இருந்தது. சற்று நேரத்தில் பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்தது. குட்டி காதைச் சொறிவதில் என்ன அதிசயம் என்று எழுதப் போனேன்.

"இனி வாயத் தேய்க்கும்."

குட்டி அவள் முழங்காலில் வாயைத் தேய்த்தது. ஒரு பக்கம், மறு பக்கம், திரும்ப ஒரு பக்கம். என் பேனா நின்றது.

"இப்ப வாந்தி எடுக்கும்."

"ஏம்மா, எதுக்கு இப்படி வாய வைக்கிற? சும்மா இரு" என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குட்டியின் வயிறு இரண்டு தடவை குழிந்தது. வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தது.

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் குட்டியைப் பற்றிய பயம் வரவில்லை, அவளைப் பற்றித்தான் பயம் வந்தது. ஆளில்லாத கட்டடம், வெளியே அந்த ஊளை, என் முன்னால் ஒரு பெண் நடக்கப் போவதை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், சொன்னபடி நடக்கிறது. என்னத்தைக் கொடுத்துக் கொண்டுவந்தாளோ, என்ன செய்கிறாளோ என்று நினைத்தேன். படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாம் எங்கோ போய்விட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் வீணாக்கினேன்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எம் மகளுக்கு இப்படித்தாம்மா ஆச்சு" என்றாள். "காச்சல்னு ஒருத்தர்கிட்ட ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தேன். எட்டாங் கிளாஸ் படிச்சா. வீட்டுக்குள்ள வந்ததும் காது அரிக்குதுன்னா. அப்புறம் உதடு என்னமோ மாதிரி இருக்குதும்மான்னு தேச்சா. அப்புறம் வாந்தி எடுத்தா. வரிசையாத் தெரியும் எனக்கு. ஒண்ணும் மறக்கல."

ஓடிப்போய் குட்டியை வாங்கினேன். கண் இரண்டும் வீங்கிக் கீறலாகிவிட்டிருந்தன. உதட்டைத் தூக்கினேன். ஈறு வெள்ளைத் துணியாக இருந்தது. அழுத்தி விரலை எடுத்தேன். நிறம் ஏதும் திரும்பி வரவில்லை.

முதல் குப்பி என் கையில் நொறுங்கிவிட்டது. விரலில் ரத்தம். இரண்டாவதை எடுத்து, அறுத்து, எடைக்கு உரிய அளவை உறிஞ்சித் தொடையில் போட்டேன். அடுத்து ஒவ்வாமைக்கான இன்னொரு ஊசி. நரம்பு கிடைக்கவில்லை, தேடித்தேடிக் கிடைத்ததும் குளுக்கோஸ் ஏற்றினேன். மேஜையில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. டாக்டர்தான். எடுக்கக் கை இல்லை. அது அடித்து நின்றது, மறுபடி அடித்தது.

முத்தழகு மேஜையின் மறு பக்கம் வந்து நின்றாள். அழவில்லை. "இனி கை காலு சில்லுன்னு போகும்" என்றாள். நான் குட்டியின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

ஊசி வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. எனக்கு அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

"முத்தழகு, அன்னைக்கும் குளவி இல்லம்மா. ஊசியாலதான் வீங்கியிருக்கு. நான்தான் யோசிக்காம எழுதிட்டேன். அப்பவே தெரிஞ்சிருந்தா டாக்டர் இல்லாம இன்னைக்குப் போட்டிருக்க மாட்டேன். எந் தப்பு."

"அன்னைக்கு இதக் கட்டில் கால்ல கட்டித்தான் போட்டிருந்தேன்" என்றாள் அவள், குட்டியை விட்டுப் பார்வையை எடுக்காமல். "பக்கத்துத் தோட்டத்துக்கு எங்கிட்டுப் போகும்? நீங்க குளவின்னு சொன்னதும் எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? குளவியாவே இருக்கட்டும்னு நானும் ஒண்ணும் சொல்லல."

சொட்டு இறங்குகிறதா என்று குளுக்கோஸ் குழாயைப் பார்த்தேன்.

"இப்ப கண்ணு மேல சொருகும்" என்றாள். "அதோட சரி."

சொல்லிவிட்டுத் தன் முந்தானையை விரித்துக் கையில் ஏந்திக்கொண்டாள். குட்டியை அதில் வாங்கிச் சுற்றிக்கொண்டு போவதற்காக. போன் அடிப்பது நின்றிருந்தது. காற்றும் ஏனோ விட்டிருந்தது. கேட் சத்தம்கூட இல்லை. இரண்டு பேரும் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அவள் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கண் சொருகவில்லை.

கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஈறை அழுத்தினேன், வெளுப்பு அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ விரலை எடுத்தபோது, ஓரத்திலிருந்து நிறம் மெதுவாக ஊறி வந்தது. குட்டி ஒரு தும்மல் போட்டது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது.

முத்தழகு இரண்டடி பின்னால் போய்விட்டாள். அதுவரை அவள் முகத்தில் இல்லாத பயம் இப்போது வந்திருந்தது.

"எம் மக இது செய்யலையே" என்றாள். "இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. இனி என்ன செய்யும்? நீங்க சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கொஞ்ச நேரத்துல தலையத் தூக்கும்" என்றேன். "அப்புறம் தண்ணி குடிக்கும்."

"அப்புறம்?"

"தூங்கும்."

"தூங்குனா எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும். நாங்க விட மாட்டோம், சாயங்காலம் வரைக்கும் இங்கனதான் வச்சிருப்போம். டாக்டரும் வந்துருவாக. ராத்திரி கஞ்சி குடிக்கும். நாளைக்கு உன் செருப்பக் கடிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன முத்தழகு, பெருசாகும்."

"பெருசாகுமா?" என்று கேட்டாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வயிற்றிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குட்டி தலையைத் தூக்கி, வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, அவள் எங்கே என்று தேடியது.